ரயில் வருவதற்குள் ஒரு பாட்டு

பழைய பாட்டில் அழுக்கு எடுப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், கேட்பவர் முதலில் என் கைகளைத்தான் பார்ப்பார்.

பகலில் தூங்கி இரவில் சம்பாதிக்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டில் பழைய ஒலிநாடாக்களையும் இசைத்தட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி எங்களுக்கு அனுப்புவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில், பட்டரவாக்கம் ஸ்டேஷனை ஒட்டிய ஒரு மாடியில் நாங்கள் சிலர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அதிலிருக்கும் கீறலையும் இரைச்சலையும் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புவோம். அனுப்புகிறவர் விழித்திருக்கும் நேரத்தில் நாங்களும் விழித்திருக்கவேண்டும் என்பதால் ராத்திரி ஷிப்ட். நான் தொழில் படித்தது கல்யாண வீட்டு மைக்செட்டில். மீதியைக் கம்ப்யூட்டரை நோண்டிக் கற்றுக்கொண்டேன்.

சமீபத்தில் எங்களுக்கு வந்தது ஒரு பாக்ஸ் செட். ராக் அண்ட் ரோல் தொடங்கிய காலத்தில் பாட வந்த ஓர் அமெரிக்கர், முதன்முதலில் பாடியதிலிருந்து கடைசியாகப் பாடியது வரை, சொதப்பி நிறுத்தியவை உட்பட, எல்லாம் சிடிக்களாக ஒரே பெட்டியில். பெயரை வெளியே சொல்லக்கூடாதென்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். சொன்னாலும் பட்டாபிராமில் என் தெருவில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இஸ்திரி

பல வருஷம் முன்பு, இப்போதிருக்கும் வீட்டைப் பார்க்கப் போனபோது ஓனர் கேட்டார், "என்ன வேலை?" சுத்தம் பண்ணும் வேலை என்றேன். எதைச் சுத்தம் பண்ணுவீர்கள் என்றார். பாட்டை என்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார்.

நான் விடாமல் விளக்கினேன். பழைய ரெக்கார்டில் பொரி பொரிவது போல ஒரு சத்தம் வரும், அதை நாங்கள் 'பொரி' என்போம். கொசு காதோரம் பாடுவது போல இன்னொன்று வரும், அதற்குப் பெயர் 'கொசு'. இரண்டையும் பொறுக்கி எடுத்துவிட்டால் பாட்டு புதுசு மாதிரி ஆகிவிடும் என்றேன். வீட்டுக்குப் பின்னால் ரயில் தண்டவாளம் இருப்பதால் வாடகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று போயிருந்தவன், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ரயில் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆபீஸிலும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரயில்தான். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஓனர் சொன்னார்:

"சரி, நல்ல வேலைதான். இஸ்திரியும் நீங்களே போட்டுக் குடுத்துடுவீங்களா?"

தம்பி, அண்ணன், பெரியவர்

பெயர் சொல்லக்கூடாது என்றால் எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? முதல் சிடியில் அவர் குரல் இன்னும் முழுதாக உடையாத பையன் குரல். அதனால் "தம்பியை யார் பார்க்கிறது?" என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். நடுவில் குரல் கனத்ததும் தானாகவே "அண்ணன்" ஆகிவிட்டார். கடைசி சிடிக்களில் "பெரியவர்". ஒருநாள் பக்கத்து ஸீட் டேவிட், "தம்பிக்கு இருமல் ஜாஸ்திண்ணே, பெரியவர் பரவால்ல" என்றபோது, புதிதாகச் சேர்ந்திருந்த அக்கவுண்டன்ட் இது ஏதோ குடும்ப விஷயம் என்று எழுந்து போய்விட்டார்.

எங்கள் சூப்பர்வைசர் மாரியப்பன் திருநெல்வேலிக்காரர். என்னைவிட இளையவர், ஆகவே என்னை அண்ணாச்சி என்பார். வேலை தொடங்கிய அன்று எங்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். பெரியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஒவ்வொரு சிடியையும் அவர் கேட்டுச் சரி என்று சொல்லவேண்டும். ஒன்று பிடிக்கவில்லை என்றாலும் மொத்த வேலையும் வேறு கம்பெனிக்குப் போய்விடும். அப்படிப் போனால் எங்கள் ராத்திரி ஷிப்டையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். டேவிட்டுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்கோ இந்த வயதில் வேறு எந்த வேலையும் தெரியாது. மாரியப்பன் முடித்தார்:

"நாம இதுவரைக்கும் எத்தனையோ பேர் பாட்டைக் கழுவியிருக்கோம் அண்ணாச்சி, பாடுனவர் ஒருத்தர்கூட திரும்பி வந்து கேட்டதில்ல. இவரு கேப்பாரு, சொல்லிட்டேன்."

மூச்சு

டேவிட் சேக்காட்டுப் பையன். சர்ச் கொயரில் சின்ன வயதிலிருந்து பாடுகிறவன். அங்கே மாஸ்டர் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாராம்: மூச்சு வாங்குவது வெளியே கேட்கக்கூடாது. பாடகர் 'அண்ணன்' ஆன காலத்தில் பாடிய ஒரு மெதுவான பாட்டு அவனிடம் வந்தது. வரிக்கு வரி மனிதர் மூச்சை இழுக்கிறார். டேவிட் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சாகப் பிடுங்கி எறிந்தான். முடித்ததும் என்னைக் கேட்கச் சொன்னான். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் ஏனோ பாட்டு முடிவதற்குள் மூச்சு முட்டியது. ஏசி வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிநாட்டிலிருந்து இந்த வேலையை எங்களுக்குக் கொடுத்தவர் நல்ல மனிதர். திட்டுவதென்றாலும் 'தயவுசெய்து' போட்டுத்தான் திட்டுவார். அவர் அனுப்பிய பதிலைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மிகவும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் நான் நேற்றுகூட அவரோடு பேசினேன், அவர் உயிரோடுதான் இருக்கிறார், தயவுசெய்து மூச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

மெத்தைக் கடை

நடுவில் ஒரு சிடி என் பங்குக்கு வந்தது. அதில் அவருக்கு ஏறக்குறைய என் வயது. அவருடைய பாட்டுக்கு மவுசு போய்விட்ட காலம். மேடை இல்லை, ரேடியோவும் அவரைப் போடுவதில்லை. ஏதோ ஓர் ஊரில் ஒரு மெத்தைக் கடைக்கு விளம்பரம் பாடியிருக்கிறார். பாட்டு கண் சிமிட்டும் நேரம்தான். அதையே திருப்பித் திருப்பிப் பாடுகிறார். ஒருமுறை மெத்தை என்ற சொல்லில் குரல் இடறுகிறது, ஸாரி என்கிறார், மறுபடி முதலிலிருந்து பாடுகிறார். தம்பியாக இருந்தபோது எத்தனை உயிரைக் கொடுத்துப் பாடினாரோ, அதே உயிரை அந்த மெத்தைக்கும் கொடுக்கிறார். அதில் எடுப்பதற்குப் பொரிகூட அதிகம் இல்லை. இருந்தாலும் அந்த ஷிப்ட் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் ஸ்டேஷன் ஓரம் கஜாவின் டீக்கடையில் நின்றபோது மனசு கேட்கவில்லை. பேரைச் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னேன். ஒரு காலத்தில் ஊரையே ஆட்டிவைத்த மனுஷன், கடைசியில் மெத்தைக்குப் பாடுகிறான் என்றேன். கஜா டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"இதுக்கு நீ ஏன் நைனா மூஞ்ச தொங்கப்போட்டுகினு கீற? ஊர எழுப்பிவுட்டவன்தானே படுக்கவும் வெக்கணும்?"

கேட்காத காதுகள்

எங்கள் ஆபீஸில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ரயில் போனால் வேலையை நிறுத்தக்கூடாது. ஜன்னலை ஒட்டி லோக்கல், எக்ஸ்பிரஸ், கூட்ஸ் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஹெட்போனைக் கழற்றினால் ஒரு பாட்டுகூட முடியாது. ஆகவே சேர்ந்த சில நாட்களிலேயே ரயிலைக் காதுக்குள் விடாமல் இருக்க எல்லாரும் பழகிவிடுவோம். போதாததற்கு எல்லார் வீடும் தண்டவாளத்தை ஒட்டித்தான்.

ஒருநாள் மாலை, ஷிப்டுக்கு வந்து நுழைகிறோம், மாரியப்பன் முகம் சரியில்லை. அந்த 'தயவுசெய்து' வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டிருக்கிறார். தம்பி பாடிய முதல் சிடியில் பாதிப் பாட்டுகளில் ரயில் ஓடுகிறதாம். அந்தக் காலத்தில் தம்பி பாடிய ஸ்டுடியோ தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கொட்டகை. ரயில் புகுந்த பாட்டையெல்லாம் அப்போதே ஒதுக்கிவிட்டார்கள். இப்போது பெட்டியில் எல்லாமே வேண்டும் என்பதால் அவையும் வந்திருக்கின்றன. சிடியோடு நாங்கள் எழுதி அனுப்பும் குறிப்பில் ரயில் என்ற பேச்சே இல்லை. எங்களை நம்பி அவர் சிடியைப் பெரியவருக்கு அனுப்பியும்விட்டார். அனுப்பிய பிறகு காரில் போட்டிருக்கிறார். அவர் மனைவிதான், "நடுவில் என்ன, ரயிலா?" என்று கேட்டாராம்.

மாரியப்பன் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். கடகடவென்று ரயில். கடைசி வரியில் ஹாரன் வேறு. "எப்பா, இது உனக்குக் கேக்கலையா?" என்றார் டேவிட்டிடம். "கேட்டுச்சு சார். ஹாரன் கொஞ்சம் புதுசாத்தான் இருந்துச்சு. இன்னாவோ கூட்ஸுன்னு வுட்டுட்டேன்" என்றான். என்னைப் பார்த்தார். நான் பட்டாபிராம் லோக்கல் என்று நினைத்தேன் என்றேன். மாரியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாட்டுக்குள்ள ஓடுன ரயிலை இவனுவ பட்டாபிராம் லோக்கல்னு நெனச்சிட்டானுவன்னு நான் எந்த இங்கிலீஷ்ல போயி அந்த ஆளுகிட்ட சொல்லுவேன்?"

எங்கும் ரயில்

அனுப்பியதை இனித் திரும்ப வாங்க முடியாது. பெரியவர் என்ன சொல்வார் என்று தெரியும்வரை கையிலிருக்கும் சிடிக்களை ஒழுங்காகச் செய்வோம் என்று உட்கார்ந்தோம். இந்த முறை எல்லாருக்கும் காது திறந்துவிட்டது. எங்கே கொஞ்சம் கடகடத்தாலும் 'ரயில்' என்று குறித்தோம். டேவிட் ஒரு பாட்டில் ரயில் புறப்படுகிறது, நிற்கிறது, மறுபடி புறப்படுகிறது என்று விவரமாகவே எழுதினான். நான் எக்ஸ்பிரஸா பாஸஞ்சரா என்பது வரை போனேன். வேலை செய்கிற மாதிரி தெரியவேண்டும் அல்லவா?

பதில் உடனே வந்தது. எப்போதும் போல மரியாதையாக:

"உங்கள் அக்கறைக்கு நன்றி, ஆனால் இந்தச் சிடி முழுவதும் ஒரு சின்னத் தீவில் பதிவானது, அங்கே இன்றுவரை ரயிலே கிடையாது, தயவுசெய்து உங்கள் ஜன்னலை மூடுங்கள்."

பெரியவர் பேசினார்

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒரு செய்தியும் இல்லை. முதலாளி வந்து எங்கள் மாடியின் நாற்காலிகளை எண்ணிக்கொண்டு போனார். டேவிட், பெண்வீட்டாரிடம் எந்த ஆபீஸ் என்று சொல்வதை நிறுத்திவிட்டு, அம்பத்தூரில் என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தான். கஜாகூட டீக்கு நடுவே, "இன்னா நைனா, தீர்ப்பு வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

கடைசியில் ஒருநாள் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு ஒரு ஆடியோ வந்தது. பெரியவரின் மகள் தன் செல்போனில் பதிவு செய்தது. மாரியப்பன் ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் டிவி ஓடுகிறது, நாய் ஒன்று குரைக்கிறது, பக்கத்தில் யாரோ பாத்திரம் வைக்கிறார்கள். டேவிட்டின் கை தானாக மௌஸுக்குப் போனது. நான் தட்டிவிட்டேன். இத்தனை நாள் பாடியே கேட்ட குரல் பேசுவதை அப்போதுதான் கேட்டோம். நிறைய மூச்சு. நானும் மாரியப்பனும் மாற்றி மாற்றிப் புரிந்துகொண்டதைச் சேர்த்தால் அவர் சொன்னது இதுதான்:

"அந்த ரயில் வருவதற்குள் முடித்துவிடவேண்டும் என்றுதான் நான் அப்படித் தலைதெறிக்கப் பாடினேன், அதை என் ஸ்டைல் என்று எழுதிவிட்டார்கள். இந்தப் பாட்டுகளிலெல்லாம் ரயில் என்னைப் பிடித்துவிட்டது. ரயிலை எடுத்துவிட்டால் நான் யாருக்குப் பயந்து ஓடினேன் என்று யாருக்கும் தெரியாது. இருக்கட்டும், விடுங்கள்."

புதுத் தண்டவாளம்

வேலை நின்றது. அதாவது, எங்களிடமே நின்றது. டேவிட்டின் கல்யாணத்துக்குப் போய்வந்தோம், சேக்காட்டில் பிரியாணி நன்றாக இருந்தது. பாக்ஸ் செட் ஒன்று ஆபீஸுக்கும் வந்தது. கனமான அழகான பெட்டி. அதைப் போட்டுக் கேட்க ஆபீஸில் ஒருவரிடமும் சிடி பிளேயர் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மாரியப்பன் அதைப் பீரோவின் மேல், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தார்.

என் காது மட்டும் திறந்தது திறந்தபடியே இருக்கிறது. காலையில் வந்து படுத்தால் லோக்கல் வருகிறது, எழுந்து உட்கார்கிறேன். அது போய்க் கண்ணயர்ந்தால் கூட்ஸ். எந்த வண்டிக்குக் கடைசிப் பெட்டியில் சக்கரம் தட்டுகிறது என்பது வரை தெரிகிறது. நேற்று நண்பகலில் தலையணையைக் காதில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி மல்லிகா ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்:

"இத்தினி வருஷமா இதே ரயிலுக்குப் பக்கத்துலதான குறட்டை விட்டீங்க, இப்ப என்ன உங்களுக்குன்னு தனியா தண்டவாளம் போட்டிருக்காங்களா?"

ரயில் வருவதற்குள் அவர் பாடி முடித்தார், ஊர் அதை ஸ்டைல் என்றது. ரயில் வருவதற்குள் நான் தூங்கி முடிக்கப் பார்க்கிறேன், வீட்டில் அதை வியாதி என்கிறார்கள்.