கஞ்சித் தொட்டி

எங்கள் மாடுகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியைப் படம் பிடிக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு காலேஜ் பிள்ளை வந்திருந்தாள். விளிம்பில் ஏதோ எழுத்து இருக்கிறதாம். எனக்கு எழுத்துத் தெரியாது. தொட்டி வந்த கதை தெரியும். காபி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னேன்.

மகாராஜபுரத்துக்கு மேற்கே, மலையடியில், பழைய சாமியார் மடம் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் நிறையப் பேர் அங்கேயே உழுது, விதைத்து, வழிப்போக்கருக்குக் கஞ்சி ஊற்றினார்களாம். கஞ்சித் தொட்டி இருக்கிற இடம்தான் மடம், மடத்துக்குள் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஒவ்வொருவராகப் போய்ச் சேர, ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்து வந்தார்கள். சும்மா இல்லை, எடுத்த இடத்தில் ஒரு படி அரிசி வைத்துவிட்டுத்தான். எங்கள் தெருவில் துவைக்கிற கல்லெல்லாம் மடத்துக் கல். என் அத்தை அடிக்கிற அடியில் சேலைதான் கிழியும், கல் அசையாது.

அம்மா இல்லை, அப்பா பட்டாளத்தில். நான் மாமா வீட்டில் வளர்ந்தேன். அங்கே ஆறு பிள்ளைகள், நான் ஏழாவது தட்டு. மத்தியானமானால் மடத்துக்குப் போய்விடுவேன். மிஞ்சியிருந்த ஒரே சாமியார் பேசமாட்டார். நான் பேசுவேன். ஆடு குட்டி போட்டது, எனக்குப் பல் விழுந்தது, எல்லாம். கஞ்சி குடிக்க வருவது நான் ஒருத்திதான். ஆனாலும் அம்புட்டுப் பெரிய தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுவார்.

ஒருநாள் மாமா, மாட்டுக்குத் தொட்டி இல்லையென்று அலுத்துக்கொண்டார்.

"மடத்துல ஒண்ணு கெடக்கு மாமா."

"ஏட்டி, அது ஒடைஞ்சு போச்சுன்னுல்லா சொன்னாவ?"

"இல்ல. உள்ளறையில இருக்கு. நான் தெனமும் பாக்கேன்."

எல்லாரும் சாப்பாட்டை நிறுத்தி என்னையே பார்த்தார்கள். அத்தை எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மாமா இரண்டு படி அரிசி வைத்துவிட்டுத் தொட்டியை வண்டியில் ஏற்றிவந்தார்.

"சாமி ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

"சொல்லிட்டாலும்" என்றாள் அத்தை.

நான் மடத்துக்கு ஓடினேன். அரிசி வைத்தபடியே இருந்தது. சாமியார் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"சாப்பிட்டியா தாயி?"

கரகரத்த குரல். அந்த வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு. சந்தோஷம் தாங்காமல், பதில்கூடச் சொல்லாமல், "சாமி பேசிட்டாவ, சாமி பேசிட்டாவ" என்று வீடுவரை ஓடினேன். நாளைக்கு இன்னும் நிறையப் பேசுவார் என்று நினைத்தேன். தொட்டியோடு மடமும் போய்விட்டதால்தான் அவர் வாய் திறந்தார் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது.