ஆடி மழையில் பொன்முடி ஏறினேன்

பொன்முடிக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் எல்லோரும் மார்கழி, தை என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன ஐப்பசியில் போனேன். காலையில் வெயில், மதியம் இடி. தையில் போனேன், குளிரைவிடக் கூட்டம் அதிகம். பங்குனியில் திருவனந்தபுரமே வெந்துகொண்டிருந்தபோது, மலையடிவாரத்தில் கல்லாற்று உருண்டைப் பாறைகளுக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மிச்சம் இருந்தது ஆடி மழை ஒன்றுதான். அதற்குத்தான் வீட்டில் சண்டை.

எனக்கு எழுபத்தொரு வயது. சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். திருவனந்தபுரம் ஆரியசாலைச் சந்தையில் நாற்பத்தைந்து வருஷம் மூட்டை சுமந்தேன். எழுத்து கற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது. இதைப் போனில் ஒற்றை விரலால் தட்டப் பதினோரு நாள் ஆனது. சந்தோஷமாகத்தான் தட்டினேன். அவசரக்காரர்கள் வேறு யாராவது எழுதியதைப் படிக்கலாம்.

வைகாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அன்றிலிருந்து என் மகன் முருகேசன், தனியாக வெளியூர் போகவே கூடாது என்றான். அவனுக்கு அங்கேயே சாலைக் கடைவீதியில் ஓட்டல் வேலை. மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். நாலாம் நாள் இறங்கி வந்தான்.

"தனியா உச்சி வரைக்கும் ஏறி, அங்கேருந்து ஒரு போட்டோ அனுப்புங்க. அப்புறம் நான் வாயத் திறக்க மாட்டேன். பாதியில நின்னு போன் பண்ணினீங்கன்னா, இனி எங்கயும் தனியா கிடையாது. சம்மதந்தானா?"

சம்மதம் என்றேன்.

ஆடி இரண்டாம் செவ்வாய், தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் காலை 6.20க்கு அரசு பஸ். டிக்கெட் 78 ரூபாய். நெடுமங்காடு தாண்டி வித்துரா சேர 7.50. அங்கே பத்து நிமிஷம் நின்றது, பால் ஊற்றாத கட்டன் சாயா குடித்தேன். கண்டக்டர் என் டிக்கெட்டை மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கர்க்கடகத்துல மேல மஞ்சு மட்டும்தான் கேட்டோ. பைசா திரிச்சுத் தர மாட்டோம்" என்றார். கர்க்கடகம் நம் ஆடி, மஞ்சு என்றால் மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை என்று காசைத் திருப்பிக் கேட்கக் கூடாதாம். அதைப் பார்க்கத்தான் போகிறேன் என்றேன்.

கல்லாறு தாண்டி வனத்துறைச் செக்போஸ்டில் நாற்பது ரூபாய்ச் சீட்டு. பிறகு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். தையில் காய்ந்து கிடந்த பாறைகளில் எல்லாம் இப்போது அருவி. ஒன்று பஸ் கண்ணாடியிலேயே விழுந்தது. மேலே இறங்கும்போது மணி 9.05. மொத்தம் 57 கிலோமீட்டர்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து உச்சிக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். குடை காற்றில் மடங்கிவிட்டது, சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு நடந்தேன். இருநூறு அடி போவதற்குள் இரண்டு தடவை கால் வழுக்கியது. இரண்டாவது தடவை சாலையோரக் கைப்பிடிச் சுவரைப் பிடித்ததால் தப்பித்தேன். அதன் மேலேயே உட்கார்ந்தேன். போனை எடுத்து முருகேசன் பெயரைக்கூட எடுத்துவிட்டேன். கட்டைவிரலால் அழுத்துவது ஒன்றுதான் பாக்கி.

அப்போது அதே பஸ்ஸில் வந்த ஒரு பெண் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். பெயர் சரசம்மா, உச்சியில் சாயாக்கடை வைத்திருப்பவர். அவருடைய அம்மா தமிழர்கள் நிறைந்த போணக்காடு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவராம், அதனால் நல்ல தமிழ். தினமும் கணவர் ஸ்கூட்டரில் வந்து மூட்டையை ஏற்றிப் போவாராம். மழையில் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. மூட்டையில் இருபது கிலோ மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி.

சுமட்டுக்காரன் கால் ஒரு விதம். தலையில் பாரம் இல்லாவிட்டால் தடுமாறும், பாரம் ஏறினால் தரையைக் கவ்வும். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தேன்.

"அண்ணாச்சி, வேண்டாம். வழியில உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

"தூக்கி விடு தாயி. மேல போறவரைக்கும் எங்கிட்ட எதுவும் பேசாதே."

பாரத்தின் கீழ் பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலில் கட்டாயம். பேசினால் மூச்சு உடையும். நாற்பது நிமிஷம் ஏறினேன். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. சட்டைப்பையில் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

உச்சியில் மூட்டையை இறக்கிப் பார்த்தால் பதினான்கு அழைப்புகள், எல்லாம் முருகேசனுடையவை. திருப்பிக் கூப்பிட்டேன், அவன் எடுக்கவில்லை. போட்டோ அனுப்பினேன். முழுக்க வெள்ளை, நடுவில் என் மூக்கு. கவலையோடுதான் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் சாப்பிட்டேன். அறுபது ரூபாய் விலை, சரசம்மா என்னிடம் வாங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. முருகேசன். நான் போன் எடுக்காததில் பயந்து, போட்டோ வருமுன்பே ஓட்டலில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியிருக்கிறான். பதினேழாம் வளைவில் வழுக்கி முழங்கால் சிராய்ப்பு. குளிரில் பல் கிட்டியது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், பிறகு மூட்டையையும் அதன் மேல் கிடந்த என் சும்மாட்டுத் துண்டையும் பார்த்தான்.

"இவரா தூக்கிட்டு வந்தாரு?" என்று சரசம்மாவிடம் கேட்டான்.

"பின்னே நானா? நீ முதல்ல உட்காரு மோனே. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, உனக்குத்தான் பயமா இருக்கு."

துண்டைப் பிழிந்து அவன் தலையைத் துவட்டினேன். மூன்று சாயா குடித்தான். அப்போது மூடுபனி ஐந்து நிமிஷம் விலகியது. அத்தனை மலையும் பச்சை, மடிப்புக்கு மடிப்பு வெள்ளிக்கம்பி போல அருவி. அவன் எழுந்து வாசலில் நின்றான். மறுபடி மூடிய பிறகும் உள்ளே வரவில்லை.

"ஆவணியிலயும் இப்படி இருக்குமாப்பா?"

"போயிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. நான் 2.30 பஸ்ஸில் இறங்கினேன். பைக்கில் பின்னாலேயே வந்தான்.

போக நினைப்பவர்களுக்கு: பலத்த மழையென்றால் செக்போஸ்டை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள். ஆடியில் கல்லாற்றில் கால் வைக்காதீர்கள், வெள்ளம் சொல்லாமல் வரும். அட்டைக்கு உப்புப் பொட்டலம் வேண்டும். குடை உதவாது, மழைக்கோட்டு எடுங்கள். மற்றபடி இந்த மலைக்கு நல்ல மாதம், கெட்ட மாதம் கிடையாது, பஸ் ஓடுகிற நாளெல்லாம் போகலாம். வயதானவர்கள் ஏறத் தொடங்கும் முன் பிள்ளைகளுக்குப் போன் செய்து, நடக்கும்போது எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம். தகவல் சொன்னால் போதும்.