ஒரு பாட்டில், நான்கு தலைகள்

வேலை பார்க்க அனுமதியில்லாத எச்4 விசாவில் ஆறு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, வொர்க் பெர்மிட் வந்ததும் கிடைத்த முதல் வேலை அது. நியூஜெர்சியில் தலைமுடி டானிக் தயாரிக்கும் ஒரு சிறிய லேப். புரொபேஷன் இன்னும் முடியவில்லை.

சீன மருத்துவத்தில் முடிக்காகக் காலங்காலமாகப் பயன்படுத்தும் ஜின்செங், ஹே ஷோ வூ என்ற இரண்டு கிழங்குகளின் சாறுதான் எங்கள் டானிக். அது உண்மையிலேயே முடி வளர்க்கிறதா என்று பார்க்கும் ஸ்டடிக்கு ஆள் பிடிப்பது என் பொறுப்பு. நான் வேறு எங்கே போவேன்? இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில், சாம்பார் வாளியும் கையுமாகப் பந்தியைச் சுற்றி இருபது வழுக்கைகளைப் பிடித்துவிட்டேன்.

பாதிப் பேருக்கு டானிக். மீதிப் பேருக்கு அதே நிறத்தில், சாறே கலக்காத பிளாசிபோ. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது; பாட்டிலில் நம்பர் மட்டும் இருக்கும். மாதம் ஒருமுறை தலையைப் படமெடுத்து முடியை எண்ணுவோம். திரும்பி வரும் பாட்டிலை எடை போடுவோம்.

பத்தாவது நாளே, அந்த இருபது பேரில் ஒருவரான ரவி அங்கிள் காலி பாட்டிலோடு லேபுக்கு வந்து நின்றார். கூடவே அவர் மனைவி சாந்தி ஆன்ட்டி.

"தீந்துடுச்சும்மா. இன்னொண்ணு குடு."

"ஒரு மாசத்துக்குக் குடுத்தது அங்கிள்! எப்படி?"

அங்கிள் சீலிங்கைப் பார்த்தார். ஆன்ட்டிதான் பதில் சொன்னார்.

"வீட்ல பாட்டில் இருந்தா இவர் மட்டுமா தேய்ப்பார்? நானும் தேய்ச்சேன். ஊர்லேந்து தங்கச்சி வந்திருக்கா, அவளும் தேய்ச்சா. பொண்ணு வீக்கெண்டுக்கு வந்தப்ப அவளுக்கும் வச்சுவிட்டேன். இங்க பாரு, என் வகிடு எப்படி ஃபில் ஆயிருக்கு!"

ஸ்டடி போனால் என் வேலையும் போகும். என் முகத்தைப் பார்த்த ஆன்ட்டி, "கொட்டிடுச்சுன்னு எழுதிக்கோயேன்" என்றார். மறைப்பானேன், எழுதத் தொடங்கிவிட்டேன். ஆனால் நம் வீடுகள் எனக்குத் தெரியாதா? இவர்கள் வீட்டில் நடந்தது மற்ற வீடுகளிலும் நடந்திருக்கும். எழுதியதை அடித்துவிட்டு பாஸ் டாக்டர் லின்னிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

எல்லோருக்கும் போன் போடச் சொன்னார். பதினோரு வீடுகளில் இதே கதை. ஸ்டடி கேன்சல். நான் லஞ்ச் டப்பாவைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

டாக்டர் லின் விழுந்து விழுந்து சிரித்தார். ஷாங்காயில் அவர்கள் வீட்டிலும் எல்லோருக்கும் ஒரே பாட்டில்தானாம். "மறுபடி தொடங்கலாம். இந்தத் தடவை என்ன செய்வது, நீயே சொல்" என்றார்.

"ஆளுக்கு இரண்டு பாட்டில். ஒன்று ஸ்டடிக்கு. இன்னொன்று வெறும் பிளாசிபோ என்று சொல்லியே குடும்பத்துக்கு. அது இருந்தால் ஸ்டடி பாட்டிலில் யாரும் கை வைக்க மாட்டார்கள்."

என் வேலை பிழைத்தது.

கேன்சலான ஸ்டடியில் எந்த நம்பர் எது என்று திறந்து பார்த்தோம். ரவி அங்கிளின் பாட்டில் பிளாசிபோ. ஆன்ட்டியிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"அதுக்கே இவ்ளோ வளந்துச்சா?" என்றார் ஆன்ட்டி. "அப்ப எனக்கு அதையே குடு. ரெண்டு பாட்டில்."

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் டிரெய்னிங். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். "ஒழுங்காகத் தேய்க்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். "வீட்டில் யார் யார் தேய்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.