கருப்பட்டிப் புட்டி

எங்கள் அடுப்படி அலமாரியில் வாயகன்ற பால்புட்டி ஒன்றில் கருப்பட்டி போட்டு வைத்திருக்கிறேன். ஒருகாலத்தில் அதில் பழ ஈக்கள் வாழ்ந்தன. எத்தனை முறை கொதிநீர் ஊற்றிக் கழுவினாலும், கழுவியது போதுமா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

புட்டி என் நாத்தனாருடையது. விலங்கியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஒரு வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது, விடுமுறையில் ஈக்களுக்குச் சாப்பாடு மாற்ற ஆளில்லை என்று புட்டிகளை மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டாள். ரவையும் கருப்பட்டியும் கிண்டிப் புட்டியின் அடியில் ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைப்பாள். வீடே மணக்கும்.

“ஏட்டி, கேசரியக் கிண்டி ஈக்கா வைக்கே? ஒனக்கு மாப்பிள்ளை பாக்கலாம்னா, நீ ஈக்குல்லா பாக்கே!” என்பார் அத்தை.

“மாப்பிள்ளை ரெடிதாம்மா. பொண்ணுதான் மாட்டேங்கு.”

அது உண்மைதான். அந்த ஈக்கள் இரண்டு இனங்கள். என் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஓரினத்து ஆண் சிறகை அதிரவைத்துச் சுற்றிச் சுற்றி வரும். மற்ற இனத்துப் பெண் உதைத்துவிட்டு நகரும். எப்போதாவது ஒன்று சம்மதித்தால், பிறக்கும் மகள்களுக்குச் சந்ததி உண்டு, மகன்களுக்கு இல்லை. அந்த மகள்களை மறுபடி தகப்பன் இனத்தோடு சேர்த்து, தடை எந்தக் குரோமோசோமில் இருக்கிறதென்று தேடினாள். ஒன்றில் மட்டுமில்லை, பலவற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது என்றாள்.

நான் ‘மகன்களுக்கு இல்லை’ என்பதிலேயே நின்றுவிட்டேன். அப்போது எனக்கு ஏழாம் மாதம். நான் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் கோயில் குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு வராத அத்தை, பிள்ளை உண்டானதும்தான் என்னை வீட்டில் சேர்த்தார். “பேரன் பொறந்து வம்சம் வெளங்கணும்” என்று தினமும் சொல்வார். மனிதர் எல்லாரும் ஓரினம் என்று பரீட்சையில் எழுதியவள்தான் நான். ஆனாலும் தயங்கித் தயங்கி நாத்தனாரிடம் கேட்டுவிட்டேன்: “பையனாப் பொறந்தா...?”

சிரிப்பாள் என்று பயந்தேன். அவள் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தாள்.

“மதினி, நீங்களும் அண்ணனும் ஒரே இனந்தான். ஈக்கு வேண்டாம்ங்கது பொறவிலயே இருக்கு. நமக்கு யாராவதுல்லா சொல்லிக் குடுக்காவ.”

பையன்தான் பிறந்தான். அத்தை அவனை மடியைவிட்டு இறக்கவில்லை.

நேற்று அவன் தெருவிலிருந்து ஓடிவந்தான். “அம்மா, நாம சர்ச்சா, கோயிலா? பக்கத்து வீட்டு அக்கா கேக்காவ.”

அடுப்படி வாசலில் நின்ற அத்தை என் வாயையே பார்த்தார். எதைச் சொன்னாலும் அது அவனுக்குள் தங்கிவிடும் என்று தோன்றியது. புட்டியைத் திறந்து ஒரு துண்டுக் கருப்பட்டியை அவன் கையில் வைத்தேன்.

“ஏலே, இன்னொரு துண்டும் வாங்கிட்டுப் போ” என்றார் அத்தை. “கேட்டவ வாயில போடு.”