விரிசல் தொட்டியில் மூன்று மாடி

லிப்ட்டுக்காரருக்குப் பேர் இல்லாமல் இல்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் ஒரே இரும்புப் பெட்டிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, எட்டு மாடிக்கும் ஏறி இறங்கி ஓய்ந்த மனிதரைக் கட்டின பெண்டாட்டியே சாகிறவரைக்கும் "லிப்ட்டுக்காரரே" என்றுதான் கூப்பிட்டாள். அப்புறம் மற்றவர்களைச் சொல்லி என்ன.

அவருடைய அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்தாள் பெற்றது இவர் ஒருத்தரை. இளையாள் பெற்றது ஐந்து. சாப்பாட்டு நேரத்தில் ஆறு தட்டும் ஒரே வரிசையில் இருக்கும். சித்தியின் கரண்டி எந்தத் தட்டுக்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது நாலாவது வரைக்கும்தான். மீதிப் படிப்பெல்லாம் அந்தத் தட்டு வரிசையில். வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வித்தை. அது அவருக்குக் கைவந்துவிட்டது.

வேலை பார்த்த கட்டடத்தில் ஆறாவது மாடியில் விவாகரத்து வக்கீல் ஒருவர் இருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே நேரத்தில் இறங்க நேர்ந்தால், நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிடும். "கரண்ட் கோளாறு, ரெண்டே நிமிஷம்" என்பார். பத்து நிமிஷம் ஆகும். அவரே துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிற கதவில் இரண்டு முகமும் தெரியும். முதல் மூன்று நிமிஷம் மேலே பார்ப்பார்கள். அடுத்த மூன்று நிமிஷம் தொண்டையைச் செருமுவார்கள். அதற்கப்புறம்தான் கடி. எல்லாம் முடிந்து அவள் அழுது, அவன் வியர்த்து, இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டபின், "சரியாப் போச்சுங்க" என்று பொத்தானை அமுக்குவார்.

வீட்டில் வந்து பெண்டாட்டியிடம் சொல்வார்: "கதவு தொறக்கும்னு தெரியற வரைக்கும் எல்லாரும் நல்லவங்கதான்."

"பாவம் பிடிக்கும் உங்கள" என்பாள் அவள். பிடித்ததா இல்லையா என்று பார்க்க அவள் இருக்கவில்லை.

அவள் போனபின் மகள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டாள். மூன்றாவது மாடி, இரண்டே அறை, ஒரு சமையலறை. பின்னறையில் ஏற்கெனவே ஒரு கட்டில் கிடந்தது. அது மாப்பிள்ளையின் அப்பா கட்டில். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வானவர். அவரும் பெண்டாட்டியை இழந்தவர். ஆக, சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே அறையில். பூனையையும் நாயையும் ஒரே சாக்கில் கட்டினாலாவது சாக்குக்கு ஒரு வாய் உண்டு.

பகைக்குக் காரணம் கல்யாணத்தன்று கண்டக்டர் அடித்த ஒரு கேலி. பந்தியில், இரண்டு வீட்டு ஜனமும் உட்கார்ந்திருக்க, "நான் ஒரு நாளைக்கு இருநூறு மைல் போனவன். நம்ம சம்பந்தி முப்பத்தொரு வருஷம் வேல பாத்துப் போய்ச் சேந்த தூரம் எட்டு மாடி!" என்றார். பந்தியே சிரித்தது. சித்தி பெற்ற ஐந்து பேரும் கூடச் சிரித்தார்கள். சொன்னவர் அன்றைக்கே மறந்துபோனார். கேட்டவருக்குப் பதினொரு வருஷமாக அந்தச் சிரிப்பு காதுக்குள்ளேயே இருந்தது.

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன மீன்தொட்டி ஒன்று பின்னறையில் இருந்தது. மூன்றடி நீளம், ஒரு பக்கம் விரிசல், தண்ணீர் நிற்காது. லிப்ட்டுக்காரர் அதில் மணல் பரப்பி, மரப்பட்டை சாத்தி, காய்ந்த கிளை ஒன்றை நட்டு, மேலே கொசுவலையைக் கட்டினார். மணலில் ஒரு குழியானை. அது புனல் மாதிரிக் குழி பறித்து, அடியில் கிடுக்கியை மட்டும் நீட்டிக்கொண்டு, சறுக்கி விழுகிற எறும்புக்காகக் காத்துக் கிடக்கும். பட்டைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சுவர்ச் சிலந்தி; வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும். கிளையின் உச்சியில் ஒரு கும்பிடுபூச்சி, கையைக் கூப்பிக்கொண்டு.

"கீழ் மாடி, நடு மாடி, மேல் மாடி" என்றார் மகளிடம். "அவங்கவங்க மாடியில அவங்கவங்களுக்குத் தீனி விழுந்துட்டா சண்டையே கிடையாது. பசிதான் ஆள இறக்கிவிடும்."

"கரப்பான் பிடிச்சுப் போட்டு வளக்கற மூஞ்சிங்களப் பாரு" என்று அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள்.

அவர் சும்மாவா பார்த்தார்? வேண்டுமென்றே ஐந்து நாள் பட்டினி போட்டுப் பார்த்தார். எது எதை முதலில் பார்க்கிறது, எது பின்வாங்குகிறது என்று பார்த்தார். ஒரு தடவை ஒரு குட்டிக் கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கிச் சட்டை உரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அதன் உடம்பு மாவு மாதிரி. காலைக்கூட மடக்க முடியாது. அதற்குத் தீனியாகப் போட்டிருந்த சிள்வண்டே ஏறிப்போய் அதன் வயிற்றைக் கொறித்துத் தின்றது. லிப்ட்டுக்காரர் கையை விட்டுத் தடுக்கவில்லை. முழுசாகப் பார்த்துவிட்டு, "ஓஹோ, அப்படியா" என்றார்.

கண்டக்டருக்குக் கண்ணில் புரை. முதலில் தொட்டியைத் திட்டினார். அப்புறம் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு, பெரிசாகத் தெரிகிற சிலந்தியை மட்டும் பார்க்க ஆரம்பித்தார். "இது நம்ம ஆளு. ஓடற பொழப்பு" என்று அதற்கு உறவு சொல்லிக்கொண்டார்.

இப்படி இரண்டு வருஷம் போனது. மகள் உண்டானாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே இரண்டு என்றார்கள். மாப்பிள்ளை ஒரு நாள் காலையில் பின்னறை வாசலில் வந்து நின்றான். அறைக்குள் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துப் பேசினான்.

"ரெண்டு தொட்டில் போடணும். இந்த ரூம்ல ஒரு கட்டில்தான் நிக்கும். ஊருக்கு வெளியில ஒரு இல்லம் இருக்கு, நல்லாப் பாத்துக்கறாங்களாம். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க."

அந்த இல்லத்தை லிப்ட்டுக்காரர் பார்த்திருக்கிறார். ஒரே கூடத்தில் பதினாறு கட்டில். வரிசையாகப் பதினாறு தட்டு.

கண்டக்டர்தான் சிரித்துக்கொண்டே வழி சொன்னார். "இதுக்கு என்ன பஞ்சாயத்து சம்பந்தி? எட்டுக்கால் என்னோடது, கும்பிடுபூச்சி உங்களோடது. ரெண்டுல எது நிக்குதோ, அதோட ஆளு நிக்கட்டும். தோத்தவன் மூச்சுக் காட்டாம பையத் தூக்கிட்டு எறங்கிடணும்."

"வாக்கு மாறக் கூடாது."

"நான் பஸ்ல வாக்குக் குடுத்தவன் சம்பந்தி. உள்ள போங்க, எடம் இருக்குன்னு சொன்னா, எடம் இருக்கும்."

"சரி. உங்களுக்குக் கண்ணு தெரியாது. ரெண்டுக்கும் தீனி நானே போடறேன்."

அன்றையிலிருந்து சிலந்திக்கு விருந்து. தினம் ஒரு கரப்பான். சில நாள் இரண்டு. சமையலறை இடுக்கு, குளியலறைச் சாக்கடை, மாடிப்படிக்கு அடி என்று எழுபது வயசில் மண்டியிட்டுப் பிடித்துவந்தார். கும்பிடுபூச்சிக்கு மூன்று நாளைக்கு ஒரு ஈ.

கண்டக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "என்ன சம்பந்தி, உங்களது காயுது, என்னதுக்கே போடறீங்க?"

"என்னது கொஞ்சந்தான் தின்னும். உங்களது ஓடற ஜீவன், பாவம்."

கண்டக்டர் தடவிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களத் தப்பா நெனச்சுட்டேன் சம்பந்தி" என்றவர், அன்றைக்கே மகனைக் கூப்பிட்டு, ஜன்னலோரம் இருந்த தன் கட்டிலைச் சம்பந்திக்கு மாற்றிவிடச் சொன்னார். "இங்க காத்து வரும். நீங்க படுங்க."

லிப்ட்டுக்காரர் படுத்தார். காற்று நன்றாகத்தான் வந்தது.

அவருக்குத் தெரிந்தது கண்டக்டருக்குத் தெரியாது. வயிறு முட்டத் தின்கிற சிலந்தி சீக்கிரமே பழைய தோலுக்குள் அடங்காமல் போகும். சட்டை உரித்தே ஆக வேண்டும். கும்பிடுபூச்சிக்கோ இறக்கை வந்துவிட்டது. இறக்கை வந்தால் அதற்கு உரிக்கிற வேலை முடிந்தது. அப்புறம் அது மெத்தென்று கிடக்கிற நாளே கிடையாது.

பதினேழாம் நாள் சிலந்தி கரப்பானைத் தொடவில்லை. வயிறு கறுத்து விம்மியிருந்தது. லிப்ட்டுக்காரர் அந்தக் கரப்பானை வெளியே எடுத்துவிட்டார். ஈயையும் நிறுத்தினார். அதிலிருந்து நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி வெயில் தொட்டியில் விழுகிற நேரம், சிலந்தி பட்டையிலிருந்து ஒற்றை நூலில் தொங்கியது. முதுகு வெடித்தது. வெளுத்துப்போன புதுக் கால்களை உறையிலிருந்து கையை உருவுவது மாதிரி ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தது.

உச்சிக் கிளையில் முக்கோணத் தலை மெல்லத் திரும்பியது.

"சம்பந்தி, வாங்க. ஆரம்பிச்சிடுச்சு."

கண்டக்டர் தடவிக்கொண்டு வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். "எனக்கு ஒரே வெள்ளையாத் தெரியுது. என்ன நடக்குது, சொல்லுங்க, சொல்லுங்க."

கும்பிடுபூச்சி ஒரு மாடி இறங்கி வந்திருந்தது. கூப்பின கை விரிந்து மூடியது. முதல் கால் அதன் வாய்க்குள் போயிற்று. கொல்லவில்லை. அதற்குக் கொல்ல வேண்டிய அவசியமில்லை. ஓடாததை எதற்குக் கொல்வது? கரும்பு கடிப்பதுபோல் நுனியிலிருந்து கடித்துக்கொண்டு வந்தது. சிலந்தியின் பின்கால்கள் இன்னும் பழைய சட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தன.

"ரெண்டும் சமமாத்தான் நிக்குது" என்றார் லிப்ட்டுக்காரர்.

"அப்படிப் போடு! என்னோடது பாய்ஞ்சுதா?"

"பாய்ஞ்சுது. என்னது பின்வாங்குது."

"விடாதடா ராஜா! உள்ள போ, உள்ள போ!" கண்டக்டர் கண்ணாடியைத் தட்டினார்.

மூன்றாவது கால் தீர்ந்தது. நாலாவது. லிப்ட்டுக்காரர் தொட்டியைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த கண்டக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புரை விழுந்த கண் பளபளத்தது. வாய் சிரிப்பில் திறந்து கிடந்தது. பத்து நிமிஷம் அந்த முகத்தை இரண்டு மாடிக்கு நடுவிலேயே நிறுத்திவைத்தார். வயிறும் பாதி போனபின்தான், "சரியாப் போச்சு சம்பந்தி. உங்களது முடிஞ்சுது" என்றார்.

கண்டக்டர் கொஞ்ச நேரம் கண்ணாடியை விட்டு மூக்கை எடுக்கவில்லை. பிறகு, "நல்லாப் போராடுச்சு இல்ல?" என்று கேட்டார்.

"நல்லாப் போராடுச்சு."

வாக்கு மாறவில்லை அந்த மனிதர். மகள் அவருடைய துணிப்பையைத் துவைத்துக் காயப்போட்டு மடித்துக் கொடுத்தாள். புதன்கிழமை காலையில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் படியில் இறங்கினார்.

பதினைந்து நாள் கழித்து, தொட்டியை முன்னறைக்கு மாற்ற வந்த மாப்பிள்ளை பட்டைக்கடியில் ஒன்றைக் கண்டெடுத்தான். எட்டுக் காலும் முதுகும் அச்சு அசலாக, உள்ளே ஒன்றுமில்லாத சிலந்தித் தோல்.

"இது என்ன மாமா? அப்பாவோட பூச்சி செத்துப்போச்சுன்னீங்க?"

அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் எழுபது வருஷம் பார்த்ததையெல்லாம் உள்ளேயே வைத்திருந்தவருக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிக்காட்ட வேண்டும் போலிருந்தது.

"அது சட்ட, மாப்ள. அத உரிக்கறப்ப எறும்பு வந்து தின்னாக்கூடத் தடுக்க முடியாது. எப்ப உரிக்கும்கறது நம்ம கையில இருக்கு. நல்லாத் தீனி போடணும். கேக்கறதுக்கு முன்னால போடணும். அதுவா வேண்டாம்னு வாயத் திருப்புச்சுன்னா, நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம்." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தோலை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். "ஓஹோ, அப்படியா" என்றான்.

அன்றைக்கே மாப்பிள்ளை தன் கையால் பரிமாறினான். பொரித்த மீனில் நடுத்துண்டு. மறுநாள் முட்டை இரண்டு. படுக்கப்போகும் முன் பால். "என்ன மாப்ள, இவ்வளவு?" என்றால், "சாப்பிடுங்க மாமா. அப்பாவும் அதத்தான் கேட்டாரு, சம்பந்தி நல்லாச் சாப்பிடறாரான்னு." ஞாயிறு தவறாமல் இல்லத்துக்குப் போய்வந்தான். ஒரு ஞாயிறு வந்து, அப்பா இருட்டில் தடுமாறி இடுப்பு உடைந்து கிடக்கிறார் என்று சொன்னான். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டான்.

சித்தியின் கரண்டி ஒரு தடவைகூட இவர் தட்டின்மேல் இத்தனை நேரம் நின்றதில்லை.

பிரசவத்துக்கு ஒரு வாரம் இருந்தது. கும்பிடுபூச்சி கிழடாகிப் பிடி தளர்ந்து, கிளையிலிருந்து மணலில் விழுந்தது. ஒரு கால் குழிக்குள் சறுக்கியது. அடியில் மாசக்கணக்காகக் காத்திருந்த கடுகளவு கிடுக்கி அந்த ஒரு காலைக் கவ்விக்கொண்டது. முழுசாகத் தின்ன அதற்கு வாய் போதாது, விடவும் இல்லை. இரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. லிப்ட்டுக்காரர் வலையைத் தூக்கிக் கையை உள்ளே விடப் போனார்; வாழ்க்கையில் முதல் தடவை. அப்போது தலையைத் தூக்கினவர் ஜன்னலுக்கு வெளியே கொடியைப் பார்த்தார். அவருடைய துணிப்பை, துவைத்து, தலைகீழாக, இரண்டு கவ்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மாடி, என் பைய எதுக்குத் தொவச்ச?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை அவர் கொடுத்த சீர்தான்.

மாப்பிள்ளை தட்டோடு வந்தான். குவித்து வைத்திருந்தான். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழம அப்பாவக் கூட்டிட்டு வர்றேன் மாமா."

லிப்ட்டுக்காரர் தட்டைப் பார்த்தார். வயிறு விம்மிக் கிடந்தது. ஒரு வாய் இறங்காது. "வேண்டாம் மாப்ள" என்று முகத்தைத் திருப்பினார்.

திருப்பின பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

மாப்பிள்ளை தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளினான். அப்பாவின் குரல் அப்படியே வந்தது அவனுக்கு.

"போகும் மாமா, உள்ள போகும். எடம் இருக்கு."