திருப்பி அனுப்பிய பெட்டி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் என் கடை. கேரம் போர்டு, செஸ், பேட், பந்து, கொஞ்ச நாளாக ரூபிக் கியூபும். வாசலிலேயே ஒரு கேரம் போர்டு போட்டிருக்கிறேன். ஸ்ட்ரைக்கர் வாங்க வருகிறவர் அதில் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது என் சட்டம். விரலுக்கு ஒத்துவராததை விற்றுப் பிழைக்க மாட்டேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது அந்தச் சட்டம் யாருக்கு வசதி என்றால், ஆடிப் பார்த்து, போட்டோ எடுத்து, என் கண் முன்னாலேயே போனில் ஆர்டர் போடுகிறவர்களுக்கு. "இதுல கம்மியா வருதுண்ணா" என்று எனக்கே காட்டுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

கல்வராயன் மலையில் பல ஊர்களுக்குப் பார்சல் வண்டி ஏறுவதில்லை. மலைக்காரர்கள் கீழே தெரிந்த கடை ஒன்றின் முகவரியைக் கொடுத்துவிட்டு, இறங்கி வருகிற அன்று வாங்கிக்கொண்டு போவார்கள். மருந்துக்கடை, துணிக்கடை, நான், எல்லாரும் வாங்கி வைப்போம். கூலியெல்லாம் கிடையாது. நம்பித்தானே கொடுக்கிறார்கள் என்று ஒரு மரியாதை.

போன வருஷம் ஆடியில் ஒரு மதியம் பெரிய அட்டைப்பெட்டி வந்தது. மலைப் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் பெயர், கீழே என் கடை முகவரி. பெட்டி மேலேயே கேரம் போர்டு படம். வருஷா வருஷம் என்னிடம் போர்டு வாங்கியவர் அவர். வேறெங்கோ வாங்கிய போர்டை என் கடைக்கே வரவழைத்து, அதை நானே பத்திரமாக வைத்திருந்து கொடுக்க வேண்டுமாம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அப்படி யாரையும் தெரியாதுப்பா. எட்த்துக்கினு போ" என்றேன்.

"உங்க கடை அட்ரஸ்தானேண்ணா போட்டுக்கீது?" என்றார் பார்சல்காரர்.

"தெரியாதுன்னா தெரியாது."

பெட்டியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தார். மலையில் சிக்னல் கிடைத்தால்தானே. பெட்டியைத் தூக்கி வண்டியில் சாய்த்தபோது உள்ளே காய்கள் கலகலவென்று ஒரு பக்கமாகச் சரிந்தன.

சனிக்கிழமை வாத்தியார் வந்தார். வாசலில் நின்று கூச்சத்தோடு கேட்டார்.

"இன்னாண்ணே, பார்சல் எதுனா வந்துச்சா? எச்.எம். அவரே போன்ல போட்டுட்டாரு. உங்க கடையிலதான் வாங்கணும்னு நான் எவ்ளோவோ சொன்னேன். கோச்சிக்காதீங்க. வந்து, திரும்பிப் போச்சின்னு அவரு போன்ல காட்டுதாம்."

"கடைக்கு வரவே இல்லியே சார்" என்றேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நெனச்சேன். இந்தப் பார்சல்காரனுங்க வராமயே வந்தோம்னு போட்டுடுவானுங்க. திங்கக்கிழமை புள்ளைங்களுக்குப் போட்டி, பழைய போர்டு மழையில ஊதிப்போச்சு." அவர் தன் கைக்காசைப் போட்டு என்னிடம் ஒரு போர்டு வாங்கினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைன்னா கடைதாண்ணே" என்றார். அந்தக் கை இன்னும் என் கையில் இருக்கிறது போல இருக்கிறது.

அன்றிலிருந்து மலைக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எல்லாம் வாத்தியார் சொல்லி வருகிறவர்கள். இந்தச் சந்திலேயே இரண்டு கடை மூடியாகிவிட்டது, என் கடை நிற்கிறது. நிற்க வைத்தது நான் சொன்ன பொய். கேரம் கடையில் உட்கார்ந்துகொண்டு காய்கள் குலுங்கும் சத்தத்துக்குப் பயந்தால் எப்படி? பயமாகத்தான் இருக்கிறது. யாராவது டப்பாவை ஆட்டிப் பார்த்தால் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அந்தப் பெட்டி வாசலில் வந்து நிற்கும் என்று தோன்றுகிறது. "இன்னா, வூட்லயும் பேயறைஞ்ச மாதிரியே கீறீங்க?" என்கிறாள் மனைவி. வாத்தியாரிடமே சொல்லிவிடலாம் என்று நான் துணிந்தபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

போன வாரம் மலையிலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு செஸ் செட் வாங்க வந்தார். "ஆன்லைன்ல போட்டா நமக்கு வராதாமே. இந்தக் கடையில மட்டும் நம்பி வாங்குங்கன்னு வாத்தியார் போவும்போது சொல்லிட்டுப் போனாருங்க."

என்னால் முடியவில்லை. "வருங்க. வாத்தியாருக்கும் அன்னிக்கு பார்சல் வந்துச்சிங்க. நான்தான் கோவத்துல தெரியாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். அவருகிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நீங்களாவது, அப்படிப் பண்றதாவது. வாத்தியார் ஆளு தெரியாமயா சொல்வாரு?" என்று மகளிடம் திரும்பி, சின்னது வேண்டாம், பெரிய செட்டாகவே எடுத்துக்கொள் என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.