ஈசான மூலையில் நின்ற வேன்

வைகாசியின் கடைசி முகூர்த்தம் திங்கட்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை. அதை விட்டால் ஆனியிலும் ஆடியிலும் மனை போட மாட்டார்கள், ஆவணிதான். பரளச்சி ரோட்டோரம், குடியிருக்கிற தகரக் கொட்டகையை ஒட்டி நாங்கள் வாங்கியிருந்த இடத்தில் வானம் தோண்டி முடித்திருந்தோம். வானம் என்றால் எங்கள் பக்கம் அஸ்திவாரப் பள்ளம். திங்கட்கிழமை கொத்தனார் வந்து ஈசான மூலையில் முதல் கல்லை வைக்க வேண்டும். என் வீட்டுக்காரி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருப்பவள். அந்தக் கல்லுக்குக் காத்திருந்த அளவுக்கு அவள் வேறெதற்கும் காத்திருந்ததில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் வேனின் கிளச் போனது. மில் ஷிப்டு ஆட்களை அருப்புக்கோட்டைக்கும் ஊருக்குமாக ஏற்றி இறக்குகிற பழைய வேன். சனிக்கிழமை ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பினால், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி போக மாட்டேன் என்கிறது. நடக்கிறவன் கூட என்னை முந்திப் போனான். எப்படியோ வீட்டு வாசல் வரை வந்து ரோட்டிலேயே நின்றுவிட்டது.

ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போகலாம் என்றான் மச்சினன். வீட்டுக்காரியின் தம்பி, மில்லில் பிட்டர் வேலை பார்க்கிறவன், நிதானமான ஆள். எனக்கு ஒர்க்‌ஷாப் என்றாலே ஆகாது. இந்தா முடிந்தது, இந்தா முடிந்தது என்று சொல்லியே நாளைக் கடத்துவார்கள். கிளச் மாற்றுவது நான் செய்யாத வேலையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டிக்கடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்து, கண்ணெல்லாம் மண்ணாகி, ஒரு பாடு பட்டுத்தான் எழுந்திருக்கிறேன். இப்போதோ ஆள் நின்று வேலை பார்க்கிற ஆழத்தில், வெட்டித் தயாராக ஒரு பள்ளம் கிடக்கிறது. விடுவேனா? மச்சினன் சாயங்கால பஸ்ஸில் டவுனுக்குப் போய்ப் புது கிளச் பிளேட் வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பள்ளத்தின் இருபக்கமும் கொத்தனாரின் பலகைகளைப் போட்டு, ரோட்டிலிருந்து வண்டியைச் சரிவில் உருட்டி இறக்கினோம். ரோட்டை ஒட்டி இருந்தது ஈசான மூலைதான். வண்டி அங்கேயே போய் நின்றது.

"ஏங்க, வானத்து மேல வண்டிய ஏத்துவாகளா? அதுவும் சாமி மூலையில?" என்றாள் அவள்.

மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவேன் என்றேன். இறங்கிய வண்டி அந்தக் கரிசல் மேட்டில் தானாக ஏறினால்தான் உண்டு. பொதபொத மண்ணில் ஊரே கூடித் தள்ளினாலும் சக்கரம் பள்ளத்தில்தான் சறுக்கும். அது அவளுக்கும் தெரியும். அதனால் பூவை வாங்கி வைப்பதும், எட்டி எட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள்.

மேலே வெயில் கொளுத்திற்று. பள்ளத்துக்குள் மண் குளுகுளுவென்று இருந்தது. கியர் பாக்ஸை இரண்டு பேரும் மார்போடு வாங்கி இறக்கினோம். பழைய பிளேட் ரிவிட்டு தெரியத் தேய்ந்து போயிருந்தது. வேப்பங்குச்சி ஒன்றைச் செதுக்கி, புது பிளேட்டின் ஓட்டையில் செருகி நடுவில் நிறுத்தி, போல்ட்டுகளை முறுக்கினான் மச்சினன். இடையில் அவள் கம்பங்கூழும் மோர் மிளகாயும் கொண்டுவந்து நீட்டினாள். பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்து குடித்தோம். இந்த வீட்டில் முதலில் குடியேறியது நாம்தான் மாப்ள என்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டி, வண்டியைக் கிளப்பி, கியரைப் போட்டு கிளச்சை விட்டேன். எஞ்சின் கத்தியது. வண்டி நகரவில்லை. மறுபடியும் அதே கதை. எனக்கு வந்த கோபத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் புறப்பட்டேன். மட்டமான பிளேட்டைத் தலையில் கட்டிவிட்டான், கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும் என்பதுகூட மண்டையில் ஏறவில்லை.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"கடைக்காரர ஏன் வையிறீக? நாந்தான் நேத்து வெளக்குப் போட்ட கையோட அதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சேன். வீட்டுக்குப் புதுசா வந்த சாமான் இல்லையா?"

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமுந்தான்."

நான் மச்சினனைப் பார்த்தேன். மாட்டும்போது ஏதோ சந்தனம் இருந்ததாம். கடையில் பூசை போட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கையாலேயே அழுத்தித் துடைத்துவிட்டானாம். விளக்கு எண்ணெயும் சந்தனமும் பிளேட் பூராவும் பரவ வேறென்ன வேண்டும்? எண்ணெய் பட்ட கிளச் எங்கே பிடிக்கும்?

வாய் நிறைய வசவு வந்தது. அதற்குள் அவள், "அப்ப நாளைக்குக் கல்லு வைக்க முடியாதா?" என்று கேட்டாள். அழவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டபின் என்னால் திட்ட முடியவில்லை. சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கினேன்.

இரண்டாம் தடவை கை தானாக வேலை செய்தது. பிளேட்டைக் கழற்றி மேலே நீட்டியதும் அவளே வாங்கிக்கொண்டாள். உப்புத்தாளால் தேய்த்தாள், பெட்ரோல் துணியால் துடைத்தாள், திரும்பவும் தேய்த்தாள். அவள் விட்டிருந்தால் ஆவணி வரைக்கும் தேய்த்திருப்பாள். போதும், பிளேட்டே இருக்காது என்று மச்சினன்தான் பிடுங்கினான்.

பொழுது சாயும் நேரம் மறுபடி கிளப்பினேன். மச்சினன் பின்னால் தோள் கொடுத்து நின்றான். அவள் மேட்டில் நின்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிப் பிடித்தது. பலகை நொறுங்க, மண் பறக்க, ஒரே மூச்சில் ரோட்டில் ஏறி நின்றது. வேகிற கிளச் வாடையோடு லேசாகச் சந்தன வாசமும் வந்தது. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் ஆறரைக்குக் கொத்தனார் மூலையில் நவதானியம் போட்டார், பால் ஊற்றினார். கல்லை எடுக்கக் குனிந்தவரைக் கொஞ்சம் இருங்கள் என்றாள் அவள். தகரக் கொட்டகைக்குள் போய், காயலான் கடைக்கு என்று நான் எடுத்து வைத்திருந்த பழைய பிளேட்டைக் கொண்டுவந்தாள். இத்தனை வருசம் தேய்ந்து இந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது இதுதானே, முதல் கல்லுக்கு அடியில் இருக்கட்டும் என்றாள். கொத்தனார் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள், குங்குமச் சிமிழைத் திறந்தபடி.

"இதுக்காவது பொட்டு வைக்கலாமா?"

"ரெண்டு பக்கமும் வையி," என்றேன்.